மர்மமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை

எந்தப் பழைய துணியாக இருந்தாலும் சரி, "ரகசியச் சங்கத்தின் சின்னம் தைத்தது" என்று ஒரு சீட்டு எழுதித் தொங்கவிட்டால் விலை ஏறிவிடும். இந்த வித்தையை அமெரிக்கப் பழம்பொருள் வியாபாரிகள் நன்றாகவே கற்று வைத்திருக்கிறார்கள். ஒரு கண், உள்ளங்கையில் ஓர் இதயம், மூன்று வளையச் சங்கிலி, மூலைமட்டமும் கவராயமும்... இதில் ஏதாவது ஒன்று தைத்திருந்தால் போதும். மர்மம், மாந்திரீகம், உலகையே திரைமறைவில் ஆட்டிப் படைக்கும் கூட்டம் என்று கதை கிளம்பிவிடும். யூட்யூபில் பார்த்தால் பின்னணி இசை வேறு.

எனக்கு இதைப் பார்த்தால் கோபம் வருகிறது. "எங்கேயோ அமெரிக்காக்காரன் வீட்டுப் போர்வைக்கு நீங்கள் ஏன் கோபப்படுகிறீர்கள்?" என்று வீட்டம்மாவே கேட்டாயிற்று. நியாயமான கேள்விதான். பதில் இது: அந்த மர்மக் கதை ஒரு பொய். வெறும் பொய் என்றால் போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் அந்தப் பொய் இரண்டு உண்மைகளை மூடி மறைக்கிறது. ஒன்று, அந்தச் சின்னங்கள் உண்மையில் எதற்காக இருந்தன என்பது. இரண்டாவது, ஊசியைப் பிடித்தது யார் என்பது. இரண்டுமே நம் வயதுக்காரர்களுக்குச் சட்டென்று புரியக்கூடிய விஷயங்கள்.

முதலில் சரக்கு என்னவென்று சொல்லிவிடுகிறேன். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லெக்சிங்டன் என்று ஓர் ஊர். அமெரிக்கச் சுதந்திரப் போரின் முதல் துப்பாக்கி வெடித்த இடம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அங்கே ஸ்காட்டிஷ் ரைட் மேசானிக் மியூசியம் அண்ட் லைப்ரரி என்று ஒன்று இருக்கிறது. 1975-ல் திறந்தது. மகள் வீட்டில் தங்கியிருந்த மாதங்களில் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். பிறகு அந்தப் பக்கத்துப் பழம்பொருள் கடைகளிலும் ஏறி இறங்கினேன்.

இந்தத் தையல் வேலைகளில் பல வகை உண்டு. மிகப் பழையது ஏப்ரன். ஃப்ரீமேசன்கள் கூட்டத்துக்குப் போகும்போது இடுப்பில் கட்டிக்கொள்வது. ஆட்டுத்தோலிலோ வெள்ளைப் பட்டிலோ செய்து, அதன் மேல் வர்ணம் தீட்டியோ, அச்சடித்தோ, எம்ப்ராய்டரி செய்தோ இருப்பார்கள். கல்தச்சர்கள் வேலை செய்யும்போது கட்டிய தோல் ஏப்ரனின் வாரிசு இது. அடுத்தது சாம்ப்ளர். பெண்பிள்ளைகள் எழுத்தும் எண்ணும் பூவும் வீடும் தைத்துப் பழகிய துணி. சிலவற்றில் இந்தச் சின்னங்களும் வரும்.

பிறகு குவில்ட். இரண்டு துணிகளுக்கு நடுவில் பஞ்சை வைத்து மேலே நெருக்கமாகத் தைத்த போர்வை. 1840-களில் பால்டிமோர் நகரத்தில் 'ஆல்பம் குவில்ட்' என்று ஒரு வகை அமோகமாகப் புழங்கியது. சதுரம் சதுரமாக வெட்டிய வெள்ளைத் துணி, ஒவ்வொரு சதுரத்திலும் வேறு வேறு துணியை உருவமாக வெட்டி வைத்துத் தைத்த படம். ஒன்றில் பூக்கூடை, ஒன்றில் கப்பல், ஒன்றில் மூன்று வளையச் சங்கிலி. சதுரங்களின் மேல் மசியால் கையெழுத்தும் இருக்கும். அதற்கு முன்னால் மசி என்றால் அதில் இரும்புச் சத்து அதிகம். கொஞ்ச நாளில் துணியையே அரித்து ஓட்டையாக்கிவிடும். துணியைக் கெடுக்காத, தண்ணீரில் போகாத மசி வந்த பிறகுதான் போர்வையில் பேர் எழுதும் பழக்கம் பரவியது.

1880-களில் 'கிரேஸி குவில்ட்' வந்தது. பட்டும் வெல்வெட்டுமாகக் கோணல்மாணல் துண்டுகளைச் சேர்த்து, ஓரமெல்லாம் பூத்தையல் போட்டது. வீட்டுக்காரர் சங்க மாநாட்டுக்குப் போய்வந்த ரிப்பனையும் அதில் ஒரு துண்டாகச் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். ஏழை எளிய வீடுகளுக்கு வேறு ஒன்று இருந்தது. சீராகத் துளை போட்ட அட்டையில் கம்பளி நூலால் தைத்து, சட்டம் போட்டு வாசல் நிலைக்கு மேல் மாட்டுவது. அதிலும் "நட்பு, அன்பு, உண்மை" என்று மூன்று சொல்லும் மூன்று வளையமும் நிறையப் பார்க்கலாம்.

இப்போது மர்மத்துக்கு வருவோம்.

மூலைமட்டமும் கவராயமும் நம் ஊர் ஆசாரி பையில் இருப்பவைதான். ஃப்ரீமேசன் இயக்கம் கல்தச்சர்களின் கருவிகளை எடுத்து நீதி போதனைக்கு உவமையாக வைத்துக்கொண்டது. மூலைமட்டம் என்றால் நேர்மை, கவராயம் என்றால் எல்லை மீறாமல் இருப்பது. முடிந்தது. மூன்று வளையம் ஆட் ஃபெல்லோஸ் என்ற சங்கத்துடையது. நட்பு, அன்பு, உண்மை என்று வளையத்துக்கு ஒன்று. கையில் இதயமும் அவர்களுடையதுதான். கொடுக்கும் கை மனசோடு கொடுக்க வேண்டும் என்று அர்த்தம். இதில் எங்கே ஐயா மாந்திரீகம்?

கண்ணுக்கு மட்டும் தனியாக ஒரு பதில் சொல்ல வேண்டும். ஒரு டாலர் நோட்டில் பிரமிடுக்கு மேலே கண் இருக்கிறதல்லவா, அதைக் காட்டித்தான் எல்லாக் கதையும் ஓடுகிறது. அந்தக் கண் அமெரிக்க அரசு முத்திரையில் 1782-லேயே வந்துவிட்டது. கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதைக் காட்ட ஐரோப்பியக் கிறித்தவ ஓவியர்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே போட்டுவந்த கண்தான் அது. தாமஸ் ஸ்மித் வெப் என்பவர் ஃப்ரீமேசன்களுக்காக எழுதிய கையேடு வந்ததே 1797-ல்தான். அமெரிக்க மேசன்களிடையே அந்தக் கண் பரவலானது அதன் பிறகு. டாலர் நோட்டில் அது ஏறியது 1935-ல். ஒரு வீட்டுப் போர்வையில் கண்ணைத் தைத்த பெண்மணிக்கு டாலர் நோட்டுச் சதி தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. அவள் காலத்து நோட்டில் அந்தக் கண்ணே இல்லை!

சரி, சின்னங்களின் அர்த்தம் இவ்வளவு சாதாரணம் என்றால், அவற்றை ஏன் இப்படி உயிரைக் கொடுத்துத் தைத்தார்கள்? இங்கேதான் எனக்குக் கொஞ்சம் பேச உரிமை உண்டு. முப்பது வருஷத்துக்கு மேல் இன்சூரன்ஸ் ஆபீசில் நாற்காலி தேய்த்தவன் நான். க்ளெய்ம் செக்ஷனில் பல வருஷம். புருஷன் போய்ப் பத்து நாள் கூட ஆகாத பெண், பாலிசி பாண்டைப் பையில் வைத்துக்கொண்டு என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்திருப்பாள். அந்தக் காகிதத்தை அவள் பிடித்திருக்கும் விதத்தை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். அதே பிடிப்பைத்தான் அந்தத் துணிகளில் பார்க்கிறேன்.

அமெரிக்காவில் ஆட் ஃபெல்லோஸ் சங்கத்தை 1819 ஏப்ரல் 26-ல் பால்டிமோர் நகரில் ஆரம்பித்தவர் தாமஸ் வைல்டி. இங்கிலாந்திலிருந்து வந்த கொல்லர். பிரபு இல்லை, மந்திரவாதியும் இல்லை. சங்கத்தின் கடமைகள் என்று எழுதி வைத்தவை நான்கு: நோயாளியைப் போய்ப் பார், கஷ்டப்படுகிறவனுக்கு உதவு, இறந்தவனை அடக்கம் செய், அனாதைக் குழந்தையைப் படிக்க வை. உறுப்பினர் படுத்த படுக்கையாகிவிட்டால் வாரா வாரம் ஒரு தொகை வீட்டுக்கு வரும். இறந்தால் அடக்கச் செலவு சங்கத்துடையது.

அந்தக் காலத்து அமெரிக்காவை நினைத்துப் பாருங்கள். பென்ஷன் கிடையாது, பி.எஃப். கிடையாது, ஈ.எஸ்.ஐ. கிடையாது. ரூஸ்வெல்ட் கொண்டுவந்த சமூகப் பாதுகாப்புச் சட்டமே 1935-ல்தான் வந்தது. அதற்கு முன்னால் ஒரு தச்சனோ ரயில்வே தொழிலாளியோ கை கால் உடைந்து படுத்தால், குடும்பத்துக்குச் சாப்பாடு போடுவது சொந்தக்காரர்கள், சர்ச், இல்லாவிட்டால் இப்படி ஒரு சங்கம். 1868-ல் பென்சில்வேனியாவில் மீட்வில் என்ற ஊரில் ஜான் அப்சர்ச் என்ற ரயில்வே தொழிலாளி ஏன்ஷியன்ட் ஆர்டர் ஆஃப் யுனைடெட் வொர்க்மென் என்று ஒன்றைத் தொடங்கினார். உறுப்பினர் ஒருவர் இறந்தால் மற்றவர்கள் தலைக்கு ஒரு டாலர் போட்டு அந்தக் குடும்பத்துக்குக் கொடுப்பது. ஆயுள் காப்பீட்டைத் தொழிலாளி வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது இதுதான்.

இன்சூரன்ஸ்காரன் கண்ணால் பார்த்தால் அந்தத் திட்டத்தில் ஓட்டை உண்டு. வயது பார்க்காமல் எல்லோரிடமும் ஒரே தொகை வாங்கினால், உறுப்பினர்களுக்கு வயதாக ஆகச் சாவு கூடும், வசூலும் கூடும், இளவட்டங்கள் கழன்றுகொள்வார்கள். அப்படித்தான் பல சங்கங்கள் தள்ளாடின. ஆனால் ஓட்டைக் குடையானாலும் மழையில் பிடித்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வயது வந்த அமெரிக்க ஆண்களில் ஐந்தில் ஒருவராவது ஏதோ ஒரு சங்கத்தில் இருந்தார் என்று அந்தக் காலத்திலேயே கணக்குப் போட்டார்கள். ஐந்தில் ஒருவனுக்குத் தெரிந்தது என்ன ரகசியம்? நம் ஊர் ரேஷன் கார்டை ரகசிய ஆவணம் என்று சொல்வது போலத்தான்.

ஆக, போர்வையில் இருக்கிற அந்த மூன்று வளையம், "இந்த வீட்டுக்காரன் உறுப்பினன், சந்தா கட்டியிருக்கிறான், நாளைக்கு ஏதாவது ஆனால் எங்களுக்கு ஆள் இருக்கிறது" என்று சொல்கிறது. குடும்பத்தின் பாலிசி பாண்டு அது, நூலில் எழுதியது. அதை மர்மம் என்று விற்பவன், கைம்பெண்ணின் க்ளெய்ம் பாரத்தைப் பேய்க்கதை என்று விற்பவன்.

இனி இரண்டாவது உண்மை. ஊசியைப் பிடித்தது யார்?

லாட்ஜ் என்றால் நமக்கு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கிற லாட்ஜ்தான் ஞாபகம் வரும். இவர்களுக்கு லாட்ஜ் என்றால் சங்கத்தின் கிளை, அது கூடும் மண்டபம். நம் சென்னை எழும்பூரில் கூட ஃப்ரீமேசன்ஸ் ஹால் என்று ஒரு கட்டடம் இன்றும் நிற்கிறது. அந்த மண்டபத்துக்குள் பெண்களுக்கு இடம் கிடையாது. சடங்கு நடக்கும்போது கதவுக்கு உள்ளே ஒரு காவலாள், வெளியே ஒரு காவலாள். ஆனால் உள்ளே போகிறவர் இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரன்களில் எத்தனையோ அவருடைய மனைவியோ மகளோ தைத்தவை. ரகசியம் ரகசியம் என்கிறார்களே, அந்த ரகசியத்தின் சின்னங்கள் எல்லாம் அடுப்படிக்குப் பக்கத்தில், விளக்கு வெளிச்சத்தில், பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு ஒரு பெண் தைத்தவை. அவளுக்கு வளையத்தின் அர்த்தம் தெரியும், கண்ணின் அர்த்தம் தெரியும். கதவைத் தாண்ட மட்டும்தான் அனுமதி இல்லை.

இதைச் சொன்னால் உடனே ஒருவர் எழுந்து, "ரெபெக்கா பட்டம் இருந்ததே, ஈஸ்டர்ன் ஸ்டார் இருந்ததே" என்பார். இருந்தது. ஆட் ஃபெல்லோஸ் 1851-ல் ரெபெக்கா பட்டத்தை ஏற்படுத்தினார்கள். அதை எழுதியவர் ஸ்கைலர் கோல்ஃபாக்ஸ், பிற்பாடு அமெரிக்கத் துணை ஜனாதிபதி ஆனவர். ராப் மாரிஸ் என்ற மேசன் 1850 வாக்கில் ஈஸ்டர்ன் ஸ்டாருக்கு வடிவம் கொடுத்தார். ஐந்து முனை நட்சத்திரம், முனைக்கு ஒரு நிறம், ஒரு பைபிள் பெண். ஆனால் அந்தச் சலுகை எப்படி வந்தது என்று பாருங்கள். 1826-ல் நியூயார்க் மாநிலத்தில் வில்லியம் மார்கன் என்பவர் மேசன்களின் சடங்குகளைப் புத்தகமாகப் போடப்போவதாகச் சொன்னார். ஆள் காணாமல் போனார். நாடே கொந்தளித்து, மேசன் எதிர்ப்புக் கட்சி என்று ஓர் அரசியல் கட்சியே பிறந்து, 1832 ஜனாதிபதித் தேர்தலில் வெர்மான்ட் மாநிலத்தை வென்றது. லாட்ஜுகள் பல கதவை மூடின. ஆண்கள் ராத்திரி ராத்திரி எங்கே போய் என்ன செய்கிறார்கள் என்ற சந்தேகம் வீடுகளிலும் சர்ச்சுகளிலும் லேசில் போகவில்லை. அந்தச் சந்தேகத்தைத் தணிக்கத் திறந்த பக்கவாட்டுக் கதவுதான் இந்தப் பட்டங்கள் என்பது என் கட்சி. அதிலும் நுழைவுச் சீட்டு யாருடைய பெயரில்? புருஷன் அல்லது அப்பா பெயரில். மேசனின் மனைவி, மகள், தாய், சகோதரி, கைம்பெண் என்றால்தான் ஈஸ்டர்ன் ஸ்டாரில் இடம்.

இப்படித் தைத்தவளுக்கு மியூசியத்தில் என்ன மரியாதை? கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே ஒரு சின்னச் சீட்டு. சங்கத்தின் பெயர் இருக்கும், ஆண்டு இருக்கும், கொடையாளி பெயர் கட்டாயம் இருக்கும். செய்தவர்: தெரியவில்லை. இந்த "தெரியவில்லை" எனக்குப் பழக்கமான சொல். ஃபைலைத் தேடச் சோம்பல்படும் குமாஸ்தா எழுதும் சொல் அது. எல்லா இடத்திலும் அப்படி என்று சொல்ல மாட்டேன். உண்மையாகவே பெயர் தொலைந்துபோன துணிகள் ஏராளம். தேடிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். லெக்சிங்டன் மியூசியத்தில் பணியாற்றிய எய்மி நியூவெல் அங்குள்ள ஏப்ரன்களைப் பற்றித் தனிப் புத்தகம் போட்டிருக்கிறார். உள்நாட்டுப் போருக்கு முந்தைய அமெரிக்காவில் வயதான பெண்கள் செய்த தையல் வேலையைப் பற்றியும் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். கண் மங்கிய பிறகு ஊசியில் நூல் கோப்பது எப்படி என்று நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்தப் பாட்டிகளை ஒருவர் தேடிப் போனாரே, அவருக்கு என் கும்பிடு.

பெயர் தெரியவரும் இடங்களில் கூட விஷயம் எப்படி நடக்கிறது? ஃபிலடெல்ஃபியாவில் மேசன்களின் மியூசியத்தில் ஜார்ஜ் வாஷிங்டனுடைய ஏப்ரன் ஒன்று இருக்கிறது. அதைத் தன் கையால் எம்ப்ராய்டரி செய்தது லஃபாயெட் பிரபுவின் மனைவி என்று தலைமுறை தலைமுறையாகக் கதை சொல்கிறார்கள். அந்தக் கதைக்கு ஆதாரம் போதாது என்று வாதிடுபவர்களும் உண்டு. இதில் வேடிக்கையைக் கவனியுங்கள். பிரபுவின் மனைவி என்றால் ஆதாரம் இல்லாமலே பெயர் ஒட்டிக்கொள்கிறது. கொல்லன் மனைவி என்றால் மூலையில் அவளே பெயரைத் தைத்து வைத்தாலும் உதிர்ந்துவிடுகிறது.

ஒரே ஒரு ஆள் அக்கறையோடு கேட்டால் எவ்வளவு மிஞ்சும் என்பதற்கு ஓர் உதாரணம். ஹாரியட் பவர்ஸ், ஜார்ஜியா மாநிலத்தில் 1837-ல் அடிமையாகப் பிறந்த கறுப்பினப் பெண். பைபிள் கதைகளைத் துணியில் வெட்டித் தைத்த அவருடைய குவில்ட் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் மியூசியத்தில் இருக்கிறது. 1886-ல் ஒரு கண்காட்சியில் அதைப் பார்த்த ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார். பவர்ஸ் தர மறுத்துவிட்டார். சில வருஷம் கழித்துக் கையில் காசில்லாத நிலையில் அவரே கொண்டுபோய் விற்றார். பத்து டாலர் கேட்டு, ஐந்து டாலர்தான் கிடைத்தது. பிறகு அந்தப் போர்வையைப் பார்ப்பதற்காகவே அந்த வீட்டுக்கு வந்து போனாராம். பெற்ற பிள்ளையைப் போய்ப் பார்ப்பது போல. ஆனால் ஜென்னி ஸ்மித் ஒரு நல்ல காரியம் செய்தார். ஒவ்வொரு சதுரத்துக்கும் பவர்ஸ் சொன்ன விளக்கத்தை உட்கார்ந்து எழுதிக்கொண்டார். அதனால்தான் அந்தப் போர்வை இன்று பேசுகிறது. பவர்ஸின் புகைப்படம் ஒன்று உண்டு. அதில் அவர் கட்டியிருக்கும் ஏப்ரனில் சூரியன், நட்சத்திரம் போன்ற உருவங்கள் தைத்திருக்கும். அது சங்கச் சின்னமா, வேறு ஏதாவதா என்று இன்றைக்கும் விவாதிக்கிறார்கள். ஏன்? போர்வையைப் பற்றிக் கேட்ட ஜென்னி ஸ்மித் போல, ஏப்ரனைப் பற்றிக் கேட்டு எழுதி வைக்க ஓர் ஆள் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

கறுப்பினத்தவர் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிட வேண்டும். இந்தச் சங்கங்களை நான் கோயில் கட்டிக் கும்பிடவில்லை. நட்பு, அன்பு, உண்மை என்று தைத்துத் தொங்கவிட்ட அதே ஆட் ஃபெல்லோஸ், வெள்ளைக்காரனுக்குத்தான் இடம் என்று விதி வைத்து, 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதி வரைக்கும் அதைக் கட்டிக் காத்தது. கறுப்பினத்தவர்கள் பீட்டர் ஆக்டன் என்பவர் முயற்சியில் 1843-ல் இங்கிலாந்திலிருந்து நேரடியாக அனுமதி வாங்கித் தங்களுக்கென்று தனி ஆட் ஃபெல்லோஸ் நடத்தினார்கள். மேசன்களில் பிரின்ஸ் ஹால் என்பவர் அதற்கு முன்பே 1784-ல் அதே வழியில் போயிருந்தார். மூன்று வளையத்தின் அர்த்தம் தெரிந்தால் இந்தக் கசப்பும் தெரியும். மர்மம் என்று சொல்லி மூடிவிட்டால் இதுவும் சேர்ந்து மூடிக்கொள்ளும். மர்மக் கதைக்காரர்களுக்கு அது சௌகரியம்.

இன்னொரு ஆட்சேபம் உண்டு. "மர்மம் என்று சொன்னதால்தானே ஜனங்கள் வாங்குகிறார்கள்? இல்லாவிட்டால் இதெல்லாம் என்றோ கரித்துணி ஆகியிருக்காதா?" என்பார்கள். பாதி உண்மை. 2016-ல் நியூயார்க்கில் அமெரிக்கன் ஃபோக் ஆர்ட் மியூசியம் இந்தச் சங்கங்களின் கலைப்பொருள்களுக்குத் தனிக் கண்காட்சி நடத்தியது. ஒரு தம்பதி தேடித் தேடிச் சேர்த்த சேகரிப்பு அது. அந்தக் கண்காட்சியின் தலைப்பிலேயே மர்மம் என்ற சொல் முதலில் வந்தது. பக்கத்திலேயே ஈகை என்ற சொல்லும் வந்தது, அதனால் மன்னிக்கிறேன். சேகரிப்பாளர்களால் நிறையப் பிழைத்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மீதிப் பாதியைக் கேளுங்கள். பெயர் சொல்ல விரும்பாத ஒரு கடையில், சட்டம் போட்டு மாட்டிய ஒரு துண்டைப் பார்த்தேன். மங்கிய பருத்தித் துணி, நடுவில் சிவப்புத் துணியில் மூன்று வளையம், சுற்றி நெருக்கமான கைத்தையல். ஓரங்களில் புதிதாகக் கத்திரி போட்டிருந்தது தெரிந்தது. இது ஏதோ போர்வையிலிருந்து வெட்டியதா என்று கேட்டேன். ஆமாம், கறை பட்ட போர்வை, நல்ல பாகத்தை மட்டும் சட்டம் போட்டோம், மீதி தலையணை உறையானது என்றார் கடைக்காரர். வேறு சதுரங்களில் என்ன இருந்தது என்றேன். "வெறும் பெயர்கள்தான்" என்றார்.

வெறும் பெயர்கள்தான்! இப்படி வெட்டுவதற்கென்றே ஒதுக்கும் போர்வைகளுக்கு அந்த வியாபாரத்தில் 'கட்டர் குவில்ட்' என்று பெயரே உண்டு. போர்வையில் பெயர் எழுதியவர்கள் எல்லோரும் தைத்தவர்கள் இல்லை என்பது எனக்கும் தெரியும். சர்ச்சுக்கோ சங்கத்துக்கோ நிதி திரட்ட, சில்லறை கொடுத்தவர் பெயரை எல்லாம் போர்வையில் தைக்கும் வழக்கம் இருந்தது. ஆனாலும் அந்தப் பெயர்களை ஊர் மக்கள்தொகைக் கணக்கோடும், லாட்ஜ் பதிவேட்டோடும், கல்லறைக் கற்களோடும் வைத்துப் பார்த்திருந்தால் ஒரு தெருவே எழுந்து வந்திருக்கும். சின்னத்தை வைத்துக்கொண்டு பெயரை வெட்டி எறிந்தார்களே, இது பாலிசியைக் கிழித்துப் போட்டுவிட்டு கம்பெனி முத்திரையை மட்டும் சட்டம் போட்டு மாட்டுவது. மர்மம் விற்பவனுக்குப் பெயர் இடைஞ்சல். பெயர் வந்தால் ஆள் வருவாள், ஆள் வந்தால் மர்மம் போய்விடும்.

உள்நாட்டுப் போருக்குப் பிறகு இந்த வேலை பெருமளவு கம்பெனிகள் கைக்குப் போயிற்று. ஒஹாயோவில் எம்.சி. லில்லி, இல்லினாய் மாநிலத்தில் டிமௌலின் என்று பெரிய பெரிய கம்பெனிகள் கேட்லாக் அச்சடித்து ஏப்ரனும் பட்டையும் அங்கியும் தபாலில் அனுப்பின. கையில் தைத்தால் வீட்டு வேலை, மெஷினில் தைத்தால் கம்பெனி சரக்கு. இரண்டிலும் தைத்தவள் பெயர் இல்லை.

ஆனால் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த திருப்பம் ஒன்று இருக்கிறது. தைத்தவர்கள் எல்லோரும் தைத்துக்கொண்டே உட்கார்ந்துவிடவில்லை. மிச்சிகன் மாநிலத்தில் பைனா வெஸ்ட் என்ற இளம் பள்ளி ஆசிரியை 1892-ல் லேடீஸ் ஆஃப் த மக்கபீஸ் என்ற பெண்கள் சங்கத்தை நாடளாவியதாக ஆக்கி, பெண்களின் உயிருக்கே காப்பீடு கொடுத்தார். அதுவரை பெண் யார்? நாமினி. புருஷன் இறந்தால் பணம் வாங்கிக்கொள்பவள். பிரசவத்தில் போகும் உயிருக்கு எவன் பாலிசி கொடுப்பான் என்று கம்பெனிகள் தட்டிக் கழித்த காலம். வீட்டில் சமைத்து, துவைத்து, தைத்து, பிள்ளை பெற்றவள் போனால் அந்த வீட்டுக்கு நஷ்டம் இல்லையா என்று அந்தப் பெண்கள் கேட்டார்கள். ராயல் நெய்பர்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற சங்கமும் அப்படித்தான். உட்மென் சங்கத்து ஆண்களுக்குத் துணையாகச் சேர்ந்த பெண்கள், 1895-ல் முறையான காப்பீட்டுச் சங்கமாகப் பதிவு செய்துகொண்டார்கள். நாமினி பாலிசிதாரர் ஆனாள். இன்சூரன்ஸ் உலகத்தில் இதைவிடப் பெரிய ரகசியம் எதுவும் எனக்குத் தெரியாது. ஆனால் இதை யாரும் பின்னணி இசை போட்டுச் சொல்வதில்லை.

என் கோரிக்கை மூன்றே மூன்று. மியூசியங்கள் சீட்டில் முதல் வரியில் தைத்தவரைப் போடட்டும். பெயர் தெரியாவிட்டால் "பெயர் பதிவாகாத ஒரு பெண்" என்றாவது எழுதட்டும், சங்கத்தின் பெயர் இரண்டாவது வரிக்குப் போகட்டும். வியாபாரிகள் பெயர் எழுதிய சதுரத்தில் கத்திரி வைக்க வேண்டாம். வைத்தே தீருவேன் என்றால் அதற்கு முன்னால் கையில் இருக்கிற போனில் ஒரு படமாவது எடுத்து வைக்கட்டும். வாங்குகிறவர்கள் "இதில் என்ன ரகசியம்?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "இந்த வீட்டில் யார் இருந்தார்கள்?" என்று கேட்கட்டும்.

கடைசியாக மர்மப் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு மர்மம்தான் வேண்டுமென்றால் நானே ஒன்று தருகிறேன். உள்ளே நுழைய விடாத ஒரு மண்டபத்துக்காக, தன் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாத ஒரு துணியில், நாளைக்குத் தன் பிள்ளைகள் பட்டினி கிடக்கக் கூடாது என்பதற்காக, கண் வலிக்க வலிக்க ஒரு பெண் நட்பு, அன்பு, உண்மை என்று தைத்தாள். எந்த நம்பிக்கையில் தைத்தாள்? முடிந்தால் அதற்கு விடை கண்டுபிடியுங்கள்.